ஹிஸ்கெ அளந்த நாற்பத்தொன்று

வெஸ்டர்ஸைல் துறைமுகத்தில் மேற்குக் காற்று பலமாக அடிக்கிற நாட்களில், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் போய்ச் சேர்வதற்குள் கிழடாகிவிடுவார்கள். மாலையில் அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வர, வீடு சேரும்போது இளமை திரும்பியிருக்கும். மொத்தத்தில் வரவும் செலவும் சரியாகிவிடுவதால் எங்கள் ஊரில் யாரும் இதைப் பற்றிப் புகார் சொல்வதில்லை. ஹிஸ்கெ போட்ஸ்மாவுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவள் வீடு ஒரு பழைய சரக்குப் படகு. அது கட்டியிருந்த இடத்திலிருந்து அலுவலகம் கூப்பிடு தூரம். சைக்கிளே தேவைப்படாததால் அவளுக்கு வயது ஆகிக்கொண்டேதான் போனது, ஐம்பத்தெட்டைத் தொட்டிருந்தாள்.

அந்தப் படகிலேயே பிறந்தவள் அவள். அப்பா ஃபொப்பெ போட்ஸ்மா கால்வாய் வழியாக உருளைக்கிழங்கும் சரளைக்கல்லும் ஏற்றிப் போகிறவர். மற்றப் பிள்ளைகள் அம்மாவின் விரலைப் பிடித்து நடை பழகியபோது, ஹிஸ்கெ தண்ணீரின் ஆழம் பார்க்கும் கழியைப் பிடித்துக்கொண்டு பழகினாள். அவளுடைய அக்கா யில்டௌ எதைப் பார்த்தாலும் தூக்கிப் பார்ப்பாள்; ஹிஸ்கெ எதைப் பார்த்தாலும் அளந்து பார்ப்பாள். பின்னாளில் அக்கா கடற்கரை அணைகளைக் கட்டிப் பழுதுபார்க்கும் தொழிலில் இறங்கி, கிரேன்களும் லாரிகளுமாக ஒரு பெரிய யார்டுக்குச் சொந்தக்காரியானாள். தங்கை அளவுகோலோடு நின்றுவிட்டாள்.

அந்தக் குடும்பத்துக்கு ஊரில் ஓர் அழியாத புகழ் உண்டு. துறைமுக வாயிலில் மதகுக்குப் புதுக் கதவு போட்டிருந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஃபொப்பெ தன் படகைக் கொண்டுபோய் நேராக அந்தக் கதவில் முட்டினார். கதவு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கடுமரம். படகுதான் நசுங்கியதே தவிர, கதவில் ஒரு பிறை அளவுக்குப் பள்ளம். பள்ளத்துக்குள் படகின் பச்சைப் பெயிண்ட். அவ்வளவுதான். ஊர் அதற்கு 'போட்ஸ்மா முத்தம்' என்று பெயர் வைத்தது. அதன் பிறகு மதகைத் தாண்டிய ஒவ்வொரு படகுக்காரனும் ஃபொப்பெயைப் பார்த்து உதட்டைக் குவித்துக் காட்டினான். அவர் செத்த அன்று பிணப்பெட்டியைத் தூக்கிப் போனவர்கள்கூட மதகு பக்கம் வந்ததும் ஒரு கணம் நின்று, அந்தப் பள்ளத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் போனார்கள்.

வளர்ந்ததும் ஹிஸ்கெவுக்கு அந்த மதகிலேயே வேலை கிடைத்தது. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, தீவுக்குப் போகும் ஃபெர்ரி கேப்டன்களுக்குப் பலகையில் எழுதி வைக்கிற வேலை. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன், அவசரப்பட்ட ஒரு கேப்டனை மகிழ்விப்பதற்காக இல்லாத தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி எழுதினான். ஃபெர்ரி நடுவழியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டது, ஒரு கல்யாணக் கூட்டத்தோடு. அடுத்த கடலேற்றம் வருவதற்குள் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முதல் சண்டை, சமாதானம், இரண்டாவது சண்டை எல்லாம் முடிந்துவிட்டதாம். தீவுக்காரர்கள் இன்றைக்கும் எங்கள் ஊர்த் தண்ணீரைக் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். ஹிஸ்கெ இருந்த காலத்தில் ஒரு கப்பலும் உட்காரவில்லை. தண்ணீர் எவ்வளவோ, பலகையிலும் அவ்வளவு.

பிறகு தானாகவே அளக்கும் கருவி வந்தது. யாரும் அவளை 'வேண்டாம், போ' என்று சொல்லவில்லை. சாவியை மட்டும் திருப்பிக் கேட்டார்கள்.

அதற்கப்புறம் ஃபெர்ரியில் டிக்கெட் கிழித்தாள், ஒரு காபிக்கடையில் தட்டுக் கழுவினாள். அப்படியிருக்கும்போதுதான் துறைமுக மேலாளர் கெர்லோஃப் ஒருநாள் காபிக்கடைக்கு வந்து அவளெதிரில் உட்கார்ந்தார்.

"எல்லாத் துறைமுகமும் ஒரு நம்பர் சொல்லுது, ஹிஸ்கெ. எவ்வளவு சாமான் எரிக்கப் போகாம, குப்பையில விழாம, மறுபடி வேலைக்கு வருதுன்னு. மாகாணத்துல என்னைக் கேட்டா நான் வானத்தைப் பார்க்குறேன்."

"வானத்தைப் பார்த்தா மழைதான் தெரியும்."

"அதான் உன்கிட்ட வந்தேன். தண்ணியை அளந்தவளுக்குச் சாமானை அளக்கத் தெரியாதா?"

"தண்ணி பொய் சொல்லாது, கெர்லோஃப். சாமானுக்குச் சொந்தக்காரன் இருக்கானே."

"ரெண்டு வருஷம் பண்ணிப் பாரு. மூணுல ஒரு பங்கைத் தாண்டிக் காட்டிட்டேன்னா, ஓய்வு வயசு வரைக்கும் நாற்காலி உன்னுது."

தாண்டாவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்த அனுபவம் இருந்தது அவளுக்கு. மதகைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறையைக் கொடுத்தார்கள். புதிய சாவியை அவள் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டாள்.

சுழற்சிப் பொருளாதாரம் என்று மாகாணத்துக்காரர்கள் சொன்னதை அவள் வீட்டுப் பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டாள்: ஒருவன் வீசுவதை இன்னொருவன் எடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படி அளப்பது? துறைமுகத்தின் நட்டநடுவில் எடைமேடை இருக்கிறது. எந்த யார்டிலிருந்து எந்த யார்டுக்குச் சாமான் போனாலும் லாரி அதன் மேல் ஏறி இறங்காமல் போக வழியில்லை. ஆகவே ஹிஸ்கெ ஒரு விதி வைத்தாள். லாரி எரிப்பு ஆலைக்குப் போனால் அது கழிவு. இன்னொரு யார்டுக்குப் போனால் அது மறுபயன்பாடு. யார்டுகள் வெளியே அனுப்புகிற மொத்த எடையில் மறுபயன்பாடு நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டால் ஆயிற்று. குழந்தைக்கும் புரிகிற விதி. அவளுக்கே அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களின் சுபாவத்தை அவள் அந்த விதியில் சேர்க்க மறந்துவிட்டாள். அதை மறந்தது ஆச்சரியம்தான், அவளும் அதே சுபாவக்காரிதான். எங்களால் எதையும் தூக்கியெறிய முடியாது. சும்மா கிடைக்கிறது என்றால் எதையும் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. பழைய வீடுகளையும் கப்பல்களையும் உடைக்கிற ஊபெலெ, 'எதுக்காவது ஆகும்' என்று தன் தாத்தாவின் பல்செட்டைக்கூடக் கண்ணாடிக் குவளையில் வைத்திருக்கிறான். விருந்தாளிக்குக் காபியோடு ஒரு பிஸ்கட் கொடுத்ததும் டப்பாவின் மூடியை அழுத்தி மூடுகிற ஊர் இது. ஒருமுறை ஒரு வீட்டில் தீப்பிடித்துத் தீயணைப்பு வண்டி வந்தபோதும், அணைத்து முடித்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான்.

எண் ஏறியது. முதல் வருடம் நூற்றுக்கு இருபத்தெட்டு. இரண்டாம் வருடம் முடிகிற நேரத்தில் நாற்பத்தொன்று. கெர்லோஃப் நடையே மாறிவிட்டது. படிகளை இரண்டிரண்டாக ஏறினார். ஏப்ரலில் யார்டுக்காரர்கள் எல்லோரும் கூடுகிற காபிக் கூட்டத்தில் அறிவித்துவிடலாம் என்றார். பேக்கரியில் ஆரஞ்சுத்தோல் போட்ட கேக் சொல்லியாகிவிட்டது. இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு, அதன் மேல் கிரீமால் பெரிதாக 41.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் எடைமேடையில் ஒரு லாரி வந்து நின்றது. ஊபெலெயின் யார்டிலிருந்து ஸியர்க்கின் படகுப் பட்டறைக்குப் போகிறது. ஹிஸ்கெ ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மதகுக்கு மறுபடி கதவு மாற்றியபோது ஊபெலெ உடைத்தெடுத்த பழைய கதவின் பெரிய பெரிய மரங்கள். மேல் மரத்தில் ஒரு பிறைப் பள்ளம், பள்ளத்தில் பச்சைப் பெயிண்ட்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. போன இலையுதிர்காலத்தில் இதே மரம் இதே வழியாகப் போனபோது, வெளியே ஓடிப்போய் அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொடுத்து, 'அப்பாவோட முத்தத்துக்கு மறுவாழ்வு' என்று அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னவள் அவள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அதே யார்டிலிருந்து அதே பட்டறைக்கு, அதே மரம், இரண்டாவது தடவையாக. இடையில் அது திரும்பி வந்திருக்க வேண்டுமே?

கோட்டை மாட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னாலேயே நடந்தாள். பட்டறையில் ஸியர்க் மரங்களை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒல்லியான மனிதன், பலத்த காற்று நாட்களில் பைகளில் ஆணிகளைப் போட்டுக்கொண்டுதான் நடமாடுவான்.

"ஸியர்க், இது எதுக்கு?"

"ஊபெலெ சும்மா குடுத்தான்."

"எதுக்குன்னு கேட்டேன்."

"எதுக்காவது ஆகும்."

"போன இலையுதிர்காலத்துலயும் குடுத்தான். அப்ப என்ன பண்ணினே?"

ஸியர்க் காதைச் சொறிந்தான். "அறுக்கப் பார்த்தேன். என் ரம்பத்துக்குப் பல்லு போச்சு. பல் டாக்டர்கிட்டதான் காட்டணும் போல. அப்புறம் உங்கக்கா வந்தா. மரம் வேணுமான்னு கேட்டேன், சும்மாவான்னு கேட்டா, ஆமான்னேன், ஏத்திக்கிட்டுப் போயிட்டா."

"இப்ப வந்திருக்குறதும் அதே மரம்தான்."

"தெரியுது. இருந்தாலும் ஊபெலெ ஆசையாக் குடுக்கும்போது மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்ல முடியுமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்கக்காவுக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்கு லாரி அனுப்புறேன்னு சொல்லிட்டா."

சனிக்கிழமை காலை ஹிஸ்கெ அக்காவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யார்டில் மதகுக் கதவு மரங்கள் அடுக்கிக் கிடந்தன, மழையில் நனைந்து கறுத்து. யில்டௌ காபி ஊற்றி, ஒரு பிஸ்கட் வைத்து, டப்பாவை மூடினாள்.

"போன தடவை ஊபெலெகிட்ட அனுப்பினது நீதானே?"

"ஆமா. வெச்சிக்க இடமில்ல. எரிக்க மனசு வரல, அப்பா முத்தம் இருக்குல்ல? அவன் வாசல்ல நின்னு மரம் நல்லாருக்குன்னான். எடுத்துக்கோன்னேன். அவன்கிட்டயிருந்து கிளம்பின மரம்னு அவனுக்கே ஞாபகம் இல்ல."

"மறுபடி ஏன் வாங்கினே?"

"சும்மா குடுத்தான்டி ஸியர்க்."

ஹிஸ்கெ பிஸ்கட்டைத் தொடவில்லை. "ஒவ்வொரு தடவையும் நான் மறுபயன்பாடுன்னு எண்ணிட்டேன், அக்கா. அது ஒரு தடவைகூட எதுவாவும் ஆகல. மரம் மட்டும்னா பரவாயில்ல. நேத்து பூரா ஒவ்வொரு யார்டா ஏறி இறங்கினேன். செங்கல் சுத்துது. கப்பல் கயிறு சுத்துது. ஒரு கான்கிரீட் குழாய் என்னைவிட அதிகமா ஊர் பார்த்திருக்கு. எல்லாத்தையும் கழிச்சா பதினாலுதான் நிக்குது."

யில்டௌ தங்கையின் கழுத்தில் தொங்கிய சாவியைப் பார்த்தாள்.

"யாருக்கும் தெரியாதுல்ல?"

"இப்போதைக்கு."

"அப்ப சும்மா இரு. ஐம்பத்தெட்டு வயசுல மறுபடி தட்டுக் கழுவப் போறியா? நீ சொல்லலேன்னா நாற்காலி உனக்கு. சொன்னா இந்த மரம் எனக்கு. அப்புறம் ஒருத்தனும் வாங்க மாட்டான். என் தலையிலயே நிக்கும்."

"மாகாணத்துக்காரங்க இந்த நம்பரை நம்பி ஏதாவது பண்ணினாங்கன்னா? எரிப்பு ஆலையைச் சின்னது பண்ணலாம்னு யோசிச்சிட்டிருக்காங்களாம். இல்லாத தண்ணியை எழுதி வெச்சா கப்பல் சேத்துல உக்காரும்க்கா."

"உன் தண்ணிக் கதையை என்கிட்ட சொல்லாதே," என்றாள் யில்டௌ. ஆனால் டப்பாவைத் திறந்து இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துத் தங்கையின் தட்டில் வைத்தாள். எங்கள் ஊரில் அப்படி நடந்ததாக அதற்கு முன்போ பின்போ யாரும் கேள்விப்பட்டதில்லை. விஷயம் அவ்வளவு மோசம் என்று ஹிஸ்கெவுக்கு அப்போதுதான் உறைத்தது.

காபிக் கூட்டத்தன்று அறை நிறைந்திருந்தது. ஈரக் கோட்டுகளின் வாசனை. மேசை நடுவில் அட்டைப் பெட்டிக்குள் கேக். கெர்லோஃப் புது டை கட்டியிருந்தார். "சொல்லு ஹிஸ்கெ, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி," என்றார்.

ஹிஸ்கெ எழுந்து நின்றாள். கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சாவியை மேசையில் வைத்தாள்.

"நாற்பத்தொன்னுன்னு சொல்லியிருந்தேன். தப்பு. பதினாலு."

கெர்லோஃபின் கரண்டி கோப்பைக்குள் நின்றுவிட்டது. ஊபெலெதான் முதலில் வாயைத் திறந்தான்.

"மீதி எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அதான் பிரச்சனை. உன்கிட்டயிருந்து ஸியர்க்குக்கு, ஸியர்க்கிட்டயிருந்து எங்கக்காவுக்கு, அக்காகிட்டயிருந்து மறுபடி உனக்கு. அந்த மரம் சுத்தின சுத்துல தீவுக்கே போய்ட்டு வந்திருக்கலாம்."

"ஏய், யில்டௌ குடுத்தது வேற மரம்!"

"அதுல எங்கப்பா முத்தம் இருக்கு, ஊபெலெ."

ஊபெலெ யில்டௌவைப் பார்த்தான். யில்டௌ ஸியர்க்கைப் பார்த்தாள். ஸியர்க் கூரையைப் பார்த்தான். "அட," என்றான் ஊபெலெ மெதுவாக, "அதான் எங்கேயோ பாத்த மூஞ்சியா இருந்துச்சு." யாரோ பின்வரிசையில் சிரிப்பை அடக்க முடியாமல் காபியைத் துப்பினார்கள். அப்புறம் அறையே சிரித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததில் வெளியே கூரையில் இருந்த கடற்காக்கைகள் எல்லாம் பறந்து போய்விட்டன என்று சொல்கிறார்கள்.

கெர்லோஃப் சிரிக்கவில்லை. "விதி உன்னுது, ஹிஸ்கெ."

"ஆமா, என் விதிதான். தப்பும் என்னுதுதான். ஒரு சாமான் எடைமேடையைத் தாண்டுறதை எண்ணினேன். தாண்டிப் போய் என்ன ஆச்சுன்னு பாக்கல. எண்ண வேண்டியது அதைத்தான். நேர்ல போயி, 'இப்ப நீ என்ன?'ன்னு சாமானையே கேக்கணும். கதவு, மேசை, சுவர்னு ஏதாவது ஒண்ணா இருந்தா எண்ணலாம். 'எதுக்காவது ஆகும்'னா எண்ணக் கூடாது."

"அப்படிப் பாத்தா என் யார்டு பூரா பூஜ்யம்," என்றான் ஊபெலெ.

"தாத்தா பல்செட்டைத் தவிர. அதுல நீ பேனா வெச்சிருக்கே, பாத்தேன்."

மறுபடி சிரிப்பு. அது அடங்கியதும் ஸியர்க் பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். இளஞ்சிவப்பில் 41 கம்பீரமாக நின்றது.

"இதை என்ன பண்றது? பேக்கரிக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்."

பொய் எண்ணைச் சாப்பிடுவதா? கேக்கை வீணாக்குவதா? முதலாவது சங்கடம், இரண்டாவது எங்கள் ஊரில் நினைத்துப் பார்க்கவே முடியாதது. கேக்கிலிருந்து ஆரஞ்சு வாசனை மட்டும் எல்லோரையும் சுற்றிவந்தது. ஹிஸ்கெ கத்தியை எடுத்தாள். நாலுக்கும் ஒன்றுக்கும் நடுவில் மேலிருந்து கீழாக ஒரே வெட்டு. இடது பாதியைத் தூக்கி வலது பக்கம் வைத்தாள், வலது பாதியை இடது பக்கம். பலகையை லேசாகத் தட்டி இரண்டையும் ஒட்ட வைத்தாள். 14.

கெர்லோஃப் அந்தக் கேக்கை நெடுநேரம் பார்த்தார். முதலில் மீசை ஆடியது, அப்புறம் தொப்பை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். பிறகு மேசையில் கிடந்த சாவியை விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"மூணுல ஒரு பங்கு தாண்டினா நிரந்தரம்னு சொன்னேன். அது போச்சு. நிரந்தரம் கிடையாது."

"சரி."

"தாண்டலேன்னா என்னன்னு நான் சொல்லவே இல்லையே. ஜூன்ல மாகாணத்துல இருந்து வர்றாங்க. நாற்பத்தொன்னு எப்படிப் பதினாலாச்சுன்னு கேப்பாங்க. யார் விளக்குறது, நானா? இன்னும் ஒரு வருஷம் இரு. அப்புறம் பார்ப்போம்."

"எத்தனை தாண்டணும்?"

"பதினஞ்சு," என்றார் கெர்லோஃப், வாய் நிறையக் கேக்கோடு. "நெஜமான பதினஞ்சு."

மரம், யில்டௌ பயந்தபடியே, அவள் தலையில்தான் நின்றது. அன்றைக்குப் பிறகு சும்மா கொடுத்தாலும் யாரும் அதைத் தொடத் தயாரில்லை. மே மாதத்தில் ஒருநாள், அறுக்கத்தானே முடியாது, அறுக்காமல் வைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. கடலணையில், வருடம் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் முங்குகிற கிறுக்கர்கள் இறங்குகிற இடத்தில் பாசி பிடித்த கற்கள்தான் இருந்தன. வருடா வருடம் யாராவது வழுக்கி விழுவார்கள். யில்டௌ கிரேனைக் கொண்டுவந்து மதகுக் கதவு மரங்களை முழுசு முழுசாகத் தண்ணீருக்குள் படிகளாக இறக்கினாள். முத்தம் பதிந்த மரம் எல்லாவற்றுக்கும் மேல்படி.

ஹிஸ்கெ அணை மேல் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை சாய்வாக வந்துகொண்டிருந்தது.

"எழுதிக்கோடி!" என்று கிரேன் அருகிலிருந்து கத்தினாள் யில்டௌ.

"இன்னும் போல்ட் போடல!"

"போட்டுட்டா எழுதுவியா?"

"யாராவது மிதிக்கட்டும்!"

யில்டௌ வாய்க்குள் ஏதோ சொன்னாள். நல்லவேளை, காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. ஆட்கள் கடைசி போல்ட்டை முறுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில், நீச்சல் உடுப்பில் நடுங்கிக்கொண்டு ஊபெலெ வந்தான். மேல்படியில் வெறுங்காலை வைத்து, காலுக்கடியில் பிறைப் பள்ளம் தட்டுப்பட்டதும் நின்று குனிந்து பார்த்தான்.

"இது என் மரமாச்சே!"

"இல்ல," என்றாள் ஹிஸ்கெ. "இப்ப இது படி. இறங்கு."